உடல் இயக்கவியல் மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறை: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி கடைசி வருடம், எம்.பி.எட்., விளையாட்டு அறிவியல் என்று எந்தப் பெயரில் படித்தாலும் கினிசியாலஜி நடுவில் வந்துவிடும். உடல் எப்படி அசைகிறது, எதனால் அசைகிறது என்ற பாடம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'ரிசர்ச் மெத்தடாலஜி' என்று ஒரு தாள், அப்புறம் ஒரு ப்ராஜெக்ட். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தம்பி தங்கைகள் வருடா வருடம் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் புள்ளியியல் நிபுணர் இல்லை, பிசியோ. மாணவர் ப்ராஜெக்ட்டுகளோடு மல்லுக்கட்டிப் பழகியவன், அவ்வளவுதான்.

எனக்கு நோயாளிகளைப் பார்க்கத்தான் ஆசை. இந்தத் தாள் எதற்கு?

தோள் இறுகிப்போய் கையைத் தூக்க முடியாமல் ஒரு அம்மா வருகிறார். மூன்று வாரம் பயிற்சி கொடுக்கிறீர்கள். "இப்போ பரவாயில்லப்பா" என்கிறார். எதனால் பரவாயில்லை? உங்கள் பயிற்சியால் இருக்கலாம். நாள் போகப் போகத் தானாகத் தளர்ந்திருக்கலாம், தோள் இறுக்கம் அப்படித் தளரக்கூடியதுதான். அல்லது, இவ்வளவு சிரத்தையாகச் செய்கிற பிள்ளையிடம் "இன்னும் வலிக்குது" என்று எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா நினைத்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் வழிதான் ஆராய்ச்சி முறை. நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்குத்தான் இது முதலில் வேண்டும்.

நம்ம ஊருக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்த ஆரம்பித்தார். உலகம் அவரை அறிந்தது அந்த அறுவை சிகிச்சையால். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி. தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழுந்துவிடும் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தக் காயம் எப்போது வந்தது, அதற்கு முன் அந்தக் கை என்ன செய்தது என்று துருவினார். துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்கே திறக்கவில்லை. ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். கையைப் பார்த்தால் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் கை தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது. 'விரல் ஏன் போகிறது' என்ற பெரிய கேள்வியை 'இந்தக் காயம் எதனால் வந்தது' என்று சின்னதாக்கியதால் கிடைத்த விடை அது.

அவரிடம் பயிற்சி பெற்ற மேரி வர்கீஸ் 1954இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966இல் இங்கே பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் காலத்தது. பாகாயம் பஸ்ஸில் போகும்போது இதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை, அது வேறு விஷயம்.

டாபிக் எப்படிப் பிடிப்பது?

பெரும்பாலானவர்கள் முதலில் கொண்டு வருவது 'யோகாவின் நன்மைகள்', 'விளையாட்டு வீரர்களின் உடல்திறன் ஓர் ஆய்வு' மாதிரி. இவை தலைப்புகள், கேள்விகள் இல்லை. கேள்வி என்றால் 'ஆம்', 'இல்லை', 'இவ்வளவு' என்று ஏதாவது ஒரு விடை வர இடம் இருக்க வேண்டும். நன்மை இருக்கிறது என்று முன்பே முடிவு கட்டிவிட்டால் ஆராய என்ன மிச்சம்?

நான் சொல்கிற வழி, வீட்டிலிருந்து கல்லூரி வரை கண்ணைத் திறந்துகொண்டு வருவது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் திண்ணையில் சம்மணம் போட்டு, மடியில் முறத்தை வைத்து, தலையைக் குனிந்தபடி மணிக்கணக்கில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் கழுத்தை நிமிர்த்த நேரமில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறார், பக்கத்துப் பிரிவில் இன்னொருவர் நின்றுகொண்டே லாஸ்டிங் வேலை, அதாவது ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் வேலை பார்க்கிறார். சத்துவாச்சாரியில் பையன்கள் பளு தூக்குகிறார்கள். கோட்டையைச் சுற்றிக் காலையில் சர்க்கரைக்காரர்கள் நடக்கிறார்கள். இவற்றில் ஒன்றை எடுங்கள்.

எடுத்ததைக் குறுக்குங்கள். 'பீடித் தொழிலாளர்களின் உடல்நலம்' வேண்டாம். 'பீடி சுற்றும் பெண்களில், ஒரு நாளில் உட்காரும் மணிநேரம் கூடக் கூட, கடந்த ஏழு நாளில் கழுத்து வலி இருந்ததாகச் சொல்பவர்களும் கூடுகிறார்களா?' இதில் யார், என்ன, எதோடு ஒப்பிட்டு, எந்தக் காலத்துக்குள் என்ற நாலும் இருக்கிறது. நாலில் ஒன்று குறைந்தாலும் கைடு திருப்பி அனுப்புவார். அனுப்பாவிட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள்.

ஏற்கெனவே யாரோ செய்துவிட்ட டாபிக்கை எடுக்கலாமா?

தாராளமாக. வேறு ஆட்கள், வேறு ஊர், இன்னும் சரியான அளவீடு என்று ஏதாவது ஒரு காரணம் மட்டும் கையில் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் பாருங்கள், இலவசம். பிசியோதெரபி சோதனைகளுக்கு பெட்ரோ தளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்காவில் கிடைக்கும். சீனியர் ப்ராஜெக்ட்டை நகலெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவது இதில் சேராது. தெரியும், செய்கிறார்கள்.

எந்த ஆய்வு வடிவம் எனக்குச் சரி?

நீங்கள் எதையாவது மாற்றிப் பார்க்கிறீர்களா, இருப்பதைக் கவனிக்க மட்டும் செய்கிறீர்களா? முதல் கேள்வி அதுதான். பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் அளந்தால் அது சோதனை ஆய்வு. பீடி சுற்றுகிறவர்களை ஒரே முறை சந்தித்து எண்ணினால் குறுக்குவெட்டு ஆய்வு. அவர்களையே இரண்டு வருடம் தொடர்ந்தால் தொடர் ஆய்வு, ஆனால் உங்களிடம் இருப்பது ஆறு மாதம்.

கவனிப்பு ஆய்வு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியதே அப்படி ஒன்றுதான். 1953இல் ஜெர்ரி மோரிஸ் குழுவினர் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் இரட்டை மாடி பஸ்ஸில் நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். ஒரே கம்பெனி, ஒரே வர்க்கம். டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம்.

ஆக, படி ஏறினால் இதயத்துக்கு நல்லது, முடிந்தது என்று எழுதிவிடத் தோன்றும். மோரிஸ் அங்கே நிற்கவில்லை. 1956இல் அதே குழு இந்த ஊழியர்களின் சீருடை அளவை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரியது, இளம் வயதுக்காரர்களிடம்கூட. அப்படியென்றால் வேலை ஆளை மாற்றியதா, மாறுபட்ட ஆட்கள் அந்த வேலைக்குப் போனார்களா? இரண்டும் கலந்திருக்கலாம். தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு, அதைச் சோதிக்கப் பேன்ட் அளவு போன்ற சாதாரணத் தகவலைத் தேடிப் போனார்கள் பாருங்கள், இந்தத் தாளில் நான் மிகவும் ரசிப்பது அதைத்தான்.

ஆம்பூரிலும் அதே சிக்கல்தான். லாஸ்டிங் பிரிவில் முதுகு வலிக்காரர்கள் குறைவு என்று உங்கள் டேட்டா சொன்னால், வேலை நல்லது என்று பொருளில்லை. வலி வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போயிருக்கலாம். நீங்கள் பார்த்தது தாக்குப்பிடித்தவர்களை மட்டும். இதன் இன்னொரு பக்கமும் உண்டு. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018இலும் தங்கம். அவர் செய்த பயிற்சியைக் கேட்டு எழுதினால் ஒரு நல்ல கட்டுரை வரும். 'இந்தப் பயிற்சியால்தான் தங்கம்' என்ற முடிவு வராது. அதே பயிற்சியைச் செய்து மாவட்டப் போட்டியோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லையே.

கண்ட்ரோல் குரூப் கட்டாயமா? ஆள் கிடைப்பதில்லை.

ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் இதற்கு நான் என் சொந்தக் கதையைச் சொல்லித்தான் பதில் சொல்வேன்.

மாணவனாக இருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு குழுவுக்கு எட்டு வாரத் துள்ளல் பயிற்சி கொடுத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இன்னொரு குழுவுக்குக் கொடுக்கவில்லை. அந்த இரண்டாவதுதான் கண்ட்ரோல் குரூப். அளந்தது நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம். சுவரில் அளவுத் தாளை செலோ டேப் போட்டு ஒட்டி, பையன் முதலில் கையை நீட்டித் தொடும் உயரம், பிறகு சாக்பீஸ் பொடி தொட்ட விரலோடு குதித்துத் தொடும் உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். கணக்கு சுலபம். எட்டு வாரம் கழித்துப் போஸ்ட்-டெஸ்ட் எடுக்கும்போது நேரமில்லை. கையை நீட்டித் தொடும் உயரம் அப்படியே தானே இருக்கும் என்று பழைய எண்ணையே வைத்துக்கொண்டு குதிக்கும் உயரத்தை மட்டும் எடுத்தேன். எல்லோரும் 3 செ.மீ. முன்னேறியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கைடு பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பயிற்சியே செய்யாத பசங்களும் 3 செ.மீ. எப்படிப்பா ஏறினாங்க?" ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலில் செலோ டேப் இளகி அளவுத் தாள் சுவரில் கீழே இறங்கியிருந்தது. தாள் இறங்கினால் அதே இடத்தைத் தொட்டாலும் எண் கூடத்தானே காட்டும். கண்ட்ரோல் குரூப் மட்டும் இல்லாவிட்டால், செலோ டேப்பின் சாதனையை என் பயிற்சியின் சாதனை என்று எழுதிப் பட்டம் வாங்கியிருப்பேன்.

கண்ட்ரோல் குரூப் இதை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் எட்டு வாரத்தில் வளர்கிறார்கள். இரண்டாவது முறை செய்யும்போது டெஸ்ட்டே பழகிவிடுகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் உங்களிடம் வருகிறார், உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். இவையெல்லாம் இரு குழுவிலும் சமமாக நடக்கும். மிஞ்சுகிற வித்தியாசம்தான் உங்கள் பயிற்சிக்குச் சொந்தம். இன்னாரை இந்தக் குழுவில் போடலாம் என்று நீங்களே தேர்வு செய்யாதீர்கள். சீட்டுக் குலுக்குங்கள். ஆர்வமாக ஓடி வருகிற பையன்களைப் பயிற்சிக் குழுவில் சேர்க்கத்தான் கை தானாகப் போகும்.

எத்தனை பேர் வேண்டும்? 30 போதும் என்கிறார்களே?

30 என்பது ஹாஸ்டல் வழக்கு. எத்தனை பேர் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நினைக்கிறீர்கள், ஆட்களுக்குள் இயல்பாகவே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது.

கையால் போடும் கணக்கு ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால், அதாவது அந்த ஏற்ற இறக்கத்தின் அளவால் வகுங்கள். வந்ததை இருமடி ஆக்குங்கள். 16ஐ அதனால் வகுத்தால் ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்று வரும். பையன்களின் குதிக்கும் உயரத்தில் திட்டவிலக்கம் 6 செ.மீ., பயிற்சியால் 3 செ.மீ. கூடும் என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 6ஆல் வகுத்தால் 0.5, இருமடி 0.25, 16ஐ வகுத்தால் 64. ஒரு குழுவுக்கு 64 பேர். 6 செ.மீ. கூடும் என்றால் 16 பேர் போதும். அதற்காக 6 செ.மீ. கூடும் என்று எழுதிவிடாதீர்கள். முந்தைய ஆய்வுகளில் என்ன வந்தது என்று காட்டச் சொல்வார்கள். இந்தக் கணக்கு 80 சதவீதத் திறனுக்கும் (இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழைக்கும் (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) பொருந்துவது. சினாப்சிஸ் என்ற ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில் முறையான மென்பொருள் கணக்கைப் போடுங்கள், இதை மனக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஊருக்குப் போகிறவர்கள், காய்ச்சலில் படுக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

நம்பகத்தன்மை, செல்லுபடி இரண்டும் எனக்குக் குழம்புகிறது.

காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தரிக்காயை மூன்று முறை வைத்தாலும் ஒரே எடை காட்டினால் நம்பகத்தன்மை இருக்கிறது. ஆனால் அடியில் காந்தம் ஒட்டி ஒவ்வொரு முறையும் 50 கிராம் கூட்டிக் காட்டினால் செல்லுபடி இல்லை. என் செலோ டேப் அந்தக் காந்தத்தின் தம்பி.

மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுங்கள். முழங்கால் மடங்கும் கோணத்தை நீங்களும் உங்கள் தோழியும் தனித்தனியே அளந்தால் 5 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். எங்கே வருகிறது அந்த 5 டிகிரி? தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழைத் தொட்டுப் பார்க்காமல் கண்ணால் மதிப்பிட்டு அச்சை வைப்பதில். கருவியின் அசையாத கையை இடுப்பருகே உள்ள எலும்பு மேட்டை நோக்கி வைக்காமல் பேன்ட்டின் தையலை நோக்கி வைப்பதில். ஆள் பாதி வலியில் இடுப்பைத் திருப்புவதைக் கவனிக்காமல் விடுவதில். இவ்வளவுக்குப் பிறகு 'பயிற்சியால் 4 டிகிரி முன்னேற்றம்' என்று எழுதினால் அந்த 4 டிகிரி யாருடையது?

அதனால் உண்மையான டேட்டா எடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளந்து, முதல் எண்ணைப் பார்க்காமல் இரண்டாவதை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பாருங்கள். உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதைவிடச் சின்ன முன்னேற்றத்தை உங்களால் பார்க்க முடியாது. பார்த்ததாகச் சொல்லவும் கூடாது.

செல்லுபடிக்கு ஓர் எடுத்துக்காட்டு, 12 நிமிட ஓட்டம். கென்னத் கூப்பர் 1968இல் அமெரிக்க விமானப்படை வீரர்களை வைத்து உருவாக்கியது. ஓடிய மீட்டரிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு. 2,400 மீட்டர் ஓடினால் சுமார் 42. வாய்ப்பாடு ஜோராக இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமிகளை, 12 நிமிடத்துக்கு எப்படிப் பிரித்து ஓடுவது என்றே பழகாதவர்களை ஓடவிட்டு, முதல் இரண்டு நிமிடம் பாய்ந்துவிட்டு மீதி நேரம் இடுப்பில் கை வைத்து நடப்பவர்களுக்கும் 42 என்று கணக்குப் போட்டால், நீங்கள் அளந்தது நுரையீரலை இல்லை, அனுபவத்தை.

வேலூர் வெயிலில் டேட்டா எப்படி எடுப்பது?

நேரத்தைப் பூட்டுங்கள். ப்ரீ-டெஸ்ட் காலை ஏழு மணி என்றால் போஸ்ட்-டெஸ்ட்டும் ஏழு மணி. நம் ஊரில் கத்திரி நேரத்தில் 40 டிகிரிக்கு மேல் சாதாரணம். பிப்ரவரியில் ஆரம்பித்து மே மாதம் முடிக்கும் ஓட்டப் பயிற்சி ஆய்வில் பையன்கள் மெதுவாகிவிட்டார்கள் என்றால் அது பயிற்சியின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. வெப்பநிலையை ஒவ்வொரு நாளும் குறித்து வையுங்கள். முடிந்தால் ஜூலைக்குப் பிறகு வையுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் டெஸ்ட்டை நிறுத்துவது யார், தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதும் சினாப்சிஸில் இருக்க வேண்டும்.

கேள்விப் பட்டியலை நானே தமிழில் மொழிபெயர்க்கலாமா?

ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அது முறை. அது மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

நார்டிக் கேள்விப் பட்டியல் என்று ஒன்று 1987இல் வந்தது. வேலைசெய்கிறவர்களின் தசை, மூட்டுத் தொல்லைகளை உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துக் கேட்பது. கடந்த 12 மாதம், கடந்த 7 நாள் என்று. அதைத் தமிழில் வாசித்துப் பாருங்கள். 'இடுப்பு வலிக்கிறதா?' நம் பக்கத்தில் இடுப்பு என்றால் கீழ் முதுகும் இடுப்பு, தொடை சேருமிடமும் இடுப்பு, பக்கவாட்டும் இடுப்பு. பட்டியலில் அவை வேறு வேறு கட்டங்கள். 'கை' என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. 'கால்' கேட்கவே வேண்டாம். அந்தப் பட்டியலோடு முதுகுப் பக்கம் தெரிகிற மனித உருவப் படம் ஒன்று வரும். அதைக் காட்டி, "எங்கக்கா வலிக்குது, தொட்டுக் காட்டுங்க" என்றால் குழப்பம் தீர்ந்தது. வார்த்தையைவிட விரல் சரியாகச் சொல்லும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசுகிறவர்கள் கணிசம், குடியாத்தம் பக்கம் தெலுங்கும் உண்டு. தமிழ் தெரியும் என்பார்கள், வலியைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள். அந்த மொழி தெரிந்த நண்பரை அழைத்துப் போங்கள். இன்னொன்று, கம்பெனிக்குள் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் வலியே இருக்காது. வலி என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். ஷிப்ட் முடிந்து, டீக்கடைப் பக்கம் கேளுங்கள்.

சும்மா நடக்கச் சொல்லித்தான் அளக்கப் போகிறேன். எதிக்ஸ் கமிட்டி வேண்டுமா?

வேண்டும். அது ஆய்வு நெறிமுறைப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. ஊசி போட்டால்தான் எதிக்ஸ் என்று இல்லை. மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வுகளுக்கு 1964 ஹெல்சிங்கி அறிக்கை உலக அளவில் அடிப்படை, இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. அனுமதி வந்த பிறகுதான் முதல் ஆளை அளக்க வேண்டும். அளந்துவிட்டு அனுமதிக்குப் போவது செல்லாது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். பிடி மாஸ்டர் "எல்லாரும் வரிசையா நில்லுங்கடா" என்றதும் நிற்பது சம்மதம் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு படித்துக் காட்டி, கைநாட்டு வாங்குங்கள்.

சிகிச்சையையோ பயிற்சியையோ சோதிக்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் உண்டு. இலவசம்தான். ஆனால் 2018 ஏப்ரல் முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பின்னால் போய்க் கெஞ்சிப் பயனில்லை.

பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் வெற்றிதானே?

பி மதிப்பு சொல்வது இதைத்தான்: உண்மையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு. அவ்வளவுதான். உங்கள் பயிற்சி எவ்வளவு நல்லது என்று அது சொல்லாது.

ஆறு நிமிட நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்குச் சுமார் 30 மீட்டர் கூடினால்தான் அவர்களுக்கே உருப்படியான மாற்றம் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. நிறைய பேரைச் சேர்த்தால் 8 மீட்டர் வித்தியாசத்துக்கும் பி மதிப்பு 0.05க்குக் கீழே போகும். அந்த நோயாளி 8 மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வார்டு வாசல் வரைகூட வராது. அதனால் பி மதிப்போடு வித்தியாசத்தின் அளவையும், உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள். அப்புறம், அந்த டெஸ்ட்டுக்கு 30 மீட்டர் நேர் வராண்டா வேண்டும். 10 மீட்டர் வராண்டாவில் செய்தால் திரும்பித் திரும்பியே தூரம் குறைந்துபோகும்.

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட்டைக் கண்டு பயப்படாதீர்கள். 1908இல் அதை வெளியிட்ட கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், சின்னச் சின்ன சாம்பிளை வைத்துத் தரம் பார்க்க வேண்டியிருந்தது. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். ஆக அது பிறந்ததே நம்மைப் போல் ஆள் கிடைக்காதவர்களுக்காக.

வித்தியாசமே வரவில்லை. ப்ராஜெக்ட் ஃபெயிலா?

இல்லை. சரியாக அளந்து வித்தியாசம் வராவிட்டால் அதுவும் விடை. வராததை வரவைக்க இரண்டு பேரைக் கழிப்பது, 'ஆண்களில் மட்டும்', 'இடது காலில் மட்டும்' என்று பிரித்துப் பிரித்து எங்காவது 0.05 கிடைக்குமா என்று தேடுவது, இதுதான் ஃபெயில். எது முதன்மை அளவீடு என்பதை ஆரம்பத்திலேயே சினாப்சிஸில் எழுதிவிட்டால் இந்த ஆசை வராது.

எக்செல்லில் எப்படிப் போடுவது?

ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு அளவீட்டுக்கு ஒரு பத்தி. பெயர் வேண்டாம், எண் போதும். ஒரே கட்டத்தில் '42 செ.மீ.' என்று எழுதாமல் 42 என்று மட்டும் எழுதுங்கள். விடுபட்டதற்கு 0 போடாதீர்கள், 0 என்றால் குதிக்கவே இல்லை என்று பொருள். அன்றன்றைக்கு மெயிலில் ஒரு பிரதி. பென்டிரைவை நம்பி அழுதவர்களை எனக்குத் தெரியும்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

'இந்தக் கருவியை ஏன் எடுத்தாய்', 'சாம்பிள் எண்ணிக்கை எப்படி வந்தது', 'உன் ஆய்வின் குறை என்ன'. மூன்றாவதற்கு "நேரம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். செலோ டேப் மாதிரி குறிப்பாக ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கண்டுபிடித்ததைப் பங்கேற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நேரம் கொடுத்தவர்கள் அவர்கள். குடியாத்தம் பக்கம் ஒரு தெருவில் ஒரு மாணவியோடு போய், பீடி சுற்றுகிறவர்களில் நிறைய பேருக்குக் கழுத்து வலி இருப்பதாகத் தெரிகிறது என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னோம். ஒரு அக்கா கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "கழுத்து வலிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? மொறத்தை எவ்ளோ ஒசத்தணும், அதைச் சொல்லு" என்றார்.

அடுத்த வருடம் இன்னொரு மாணவி அதையே டாபிக்காக எடுத்தார். முறத்துக்கு அடியில் 10 செ.மீ. பலகை வைத்து ஒரு நாள், வைக்காமல் ஒரு நாள். எது முதல் என்பதற்குச் சீட்டுக் குலுக்கியது அந்த அக்காதான்.